ஆயர் கைகாட்டும் நூல்கள்: தமிழ்த் திருச்சபையின் வாசிப்பு மரபு

கிறிஸ்தவ சபைகளில் ஆயர் என்றும் குருவானவர் என்றும் போதகர் என்றும் அழைக்கப்படுபவரின் பணி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. வாரத்தின் மற்ற நாட்களில் அவரைத் தேடி வருவோர் பலவற்றைக் கேட்கின்றனர். அவற்றுள் எளிதாகத் தோன்றி, விடை சொல்லக் கடினமாக இருப்பது, வீட்டில் எந்த நூலை வாசிக்கலாம் என்ற கேள்வியாகும். குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் வளர்ந்தபின் தம் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திருவிருந்தில் பங்குபெறத் தொடங்கும் சடங்குக்குத் திடப்படுத்தல் என்று பெயர். அதற்கு ஆயத்தமாகும் பிள்ளையின் பெற்றோர், அண்மையில் துணையை இழந்தவர், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த நிர்வாகப் பிரிவாகிய சேகரத்தின் கமிட்டிக்கு முதன்முறையாகத் தேர்வானவர் எனக் கேட்பவர் ஒவ்வொருவரின் தேவையும் வேறாக இருப்பதால், எல்லோருக்கும் ஒரே பட்டியலை நீட்டும் ஆயர் உண்மையில் யாருக்கும் விடை சொன்னவராகார்.

இக்கேள்வியை முழுமனத்தோடு எடுத்துக்கொண்ட போதகர்கள் திருச்சபை வரலாற்றில் உண்டு. இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் ஊரில் 17ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய ரிச்சர்டு பாக்ஸ்டர், ஏறத்தாழ 800 குடும்பங்கள் கொண்ட தம் பங்கில், வாரத்தில் இரண்டு நாட்களைக் குடும்பம் குடும்பமாக அமர்ந்து வேதபோதனை தருவதற்கென்றே ஒதுக்கியதோடு, வீடுகளுக்கு நூல்களையும் கொடுத்து வந்தார். அடுத்த நூற்றாண்டில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, பழைய ஆசிரியர்களின் நூல்களைச் சுருக்கித் திருத்தி, 1749 முதல் 1755 வரை 50 தொகுதிகள் கொண்ட கிறிஸ்தவ நூல் வரிசை ஒன்றையே வெளியிட்டார். நூல்களைத் தரும்போது இருவரும் எண்ணியது, பெரும்பாலும் தன் வீட்டில் அமர்ந்து தானே படிக்கும் வாசகரையே. தமிழ்த் திருச்சபை வளர்ந்த வழி வேறு. இங்கே நூல் என்பது முதலில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதாக, ஒருவர் எடுத்துக்கொடுக்க எல்லோரும் பாடுவதாக, ஒருவர் வினவப் பிள்ளைகள் ஒருமித்து விடை சொல்வதாக இருந்தது. எழுத்தறியாத பெரும்பான்மையோரைக் கொண்ட கிராமச் சபைகள், ஓரிரு பிரதிகளை வைத்துக்கொண்டே விசுவாசத்தின் அடிப்படைகளை நெஞ்சில் ஏற்றிக்கொண்டன. ஆகவே தமிழ்ச் சபைக்கு நூல் பரிந்துரைக்கும் ஆயர், கூடி வாசிக்கத்தக்கவற்றிலிருந்து தொடங்க வேண்டும்; தனி வாசிப்புக்குரியவை அதன் பிறகே வர வேண்டும்.

முதலில் வேதாகமம். அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. எந்த மொழிபெயர்ப்பு, எந்த முறையில் என்பதில்தான் வழிகாட்டல் தேவைப்படுகிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி பார்த்தலோமேயு சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அவ்வூர் அச்சகத்திலேயே அச்சேறியது. அதன்பின் பிலிப் பெப்ரிசியுஸ், திருநெல்வேலியின் இரேனியுஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு உழைத்த பீட்டர் பெர்சிவல் எனப் பலர் தமிழாக்கத்தில் ஈடுபட்டனர். ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவின் ஐக்கியத் திருப்புதல் 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்து, சீர்திருத்தத் திருச்சபைகளின் பெரும்பாலான இல்லங்களில் இன்றும் அதுவே ஒலிக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 1995இல் வந்தது. இவற்றுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தும் வாதம் சபைகளில் அவ்வப்போது எழுகிறது; அது பயனற்ற வாதம். மனப்பாடத்துக்கும் பொது வாசிப்புக்கும் பழகிய திருப்புதல் உதவுகிறது. பவுலின் நிருபங்களைப் போன்ற இறுக்கமான பகுதிகளின் பொருளோட்டம் பிடிபடுவதற்குப் புதிய மொழிபெயர்ப்பு உதவுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் குடும்பமாக வாசிப்போருக்கு விளக்கவுரையின் தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகச் சென்று, பலிமுறைகள் நிறைந்த லேவியராகமத்தில் சோர்ந்து, அங்கேயே வேதாகமத்தை மூடிவிடுவோர் எண்ணற்றோர். புதிதாக வாசிப்பவர் 16 அதிகாரங்களே கொண்ட மாற்கு நற்செய்தியில் தொடங்கி, நாளுக்கொரு சங்கீதத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் உரிய பாடப்பகுதிகளை வகுத்துத் தென்னிந்தியத் திருச்சபை ஆண்டுதோறும் வெளியிடும் அல்மனாக்கு, பல வீடுகளில் நாள்காட்டியாக மட்டுமே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள பாட அட்டவணையைப் பின்பற்றும் குடும்பமோ, தனக்குப் பிடித்த பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கும் பழக்கத்திலிருந்து விடுபட்டு, தொலைவிலுள்ள மற்ற சபைகளோடு ஒரே நாளில் ஒரே பகுதியை வாசிக்கிறது. விலை குறைந்த வேதபாட வழிகாட்டி ஒன்று வேண்டுமென்றால், இதைவிடச் சிறந்ததைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது வினாவிடை நூல். விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வியும் பதிலுமாகக் கற்பிக்கும் இந்த வடிவம் தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்தோடு பின்னிப் பிணைந்தது. அன்றிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களே கொண்ட ஞானோபதேச நூல். அடுத்த ஆண்டில் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கமும் அவ்வகையைச் சார்ந்ததே. சீர்திருத்தத் திருச்சபையின் பக்கத்தில், மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைத் தரங்கம்பாடி மிஷனரிகள் தமிழில் தந்தனர். பத்துக் கற்பனைகள், விசுவாச அறிக்கை, கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று செல்லும் அந்நூலில், ஒவ்வொரு கற்பனையையும் சொல்லி முடித்தவுடன் அதன் பொருள் என்னவென்ற கேள்வி எழுகிறது. பதில் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. களவு செய்யாதிருப்பாயாக என்ற கற்பனைக்கு, பிறர் பொருளை எடுக்காமல் இருப்பது மட்டும் போதாது, அயலாரின் உடைமையும் பிழைப்பும் பெருகவும் பாதுகாக்கப்படவும் துணைநிற்க வேண்டும் என்று லூத்தர் தரும் விளக்கத்தைப் பத்து வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளலாம், வட்டிக்குக் கொடுப்பவரும் எண்ணிப் பார்க்கலாம்.

லூத்தர் அதைப் பாடசாலைக்காக மட்டும் எழுதவில்லை. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் எளிய முறையாகவே அதை வகுத்தார். தமிழ்ச் சபைகளில் இன்று அது திடப்படுத்தலுக்கு முந்தைய சில வாரங்களில் மனப்பாடம் செய்து ஒப்பித்து மறந்துவிடும் பாடமாகச் சுருங்கிவிட்டது வருந்தத்தக்கது. வளர்ந்தவர் அதை மறுபடி கையில் எடுக்குமாறு தூண்டுவது எந்த ஆயரும் செலவின்றிச் செய்யக்கூடிய காரியம். இவ்விடத்தில் கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவரின் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலையும் நினைவுகூர வேண்டும். வேதியர் என்போர் ஊர் ஊராகச் சென்று மறைபோதனை செய்த பொதுநிலை ஊழியர். அவர்கள் எப்படி வாழ வேண்டும், எப்படிப் போதிக்க வேண்டும் என்று கூறும் அந்நூல், ஊழியரின் நடத்தையே சபையார் முதலில் படிக்கும் பாடம் என்ற தெளிவோடு எழுதப்பட்டது. உபதேசியார்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும், எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவராயினும், அதை வாசிக்கலாம்.

தமிழ்க் கிறிஸ்தவர் எந்நூலிலிருந்து இறையியல் கற்றனர் என்று ஆராய்ந்தால், விடை பெரும்பாலும் பாட்டுப் புத்தகத்தில் வந்து நிற்கும். மேலைநாட்டு மெட்டுகளுக்கு ஏற்ப அமைந்த பாடல்களைத் தென்னிந்தியத் திருச்சபையார் பாமாலை என்றும் லூத்தரன் சபையார் ஞானப்பாட்டுகள் என்றும் வழங்குகின்றனர். தமிழிசை மரபில் பிறந்தவை கீர்த்தனைகள். கீர்த்தனைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தால், பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். கீழே பல்லவி, அநுபல்லவி, பின்பு எண்ணிட்ட சரணங்கள். பாடத் தெரிந்தவர் சரணத்தைப் பாட, ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் சபை முழுவதும் பல்லவிக்குத் திரும்பும். எழுத்தறியாதவர் பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டாலும் பாடலின் மையக் கருத்து அவருடையதாகிவிடுகிறது. சரணங்களோ கேட்கக் கேட்கத் தாமே படிந்துவிடுகின்றன. படைப்பு, வீழ்ச்சி, பிறப்பு, பாடு, உயிர்த்தெழுதல் என மீட்பின் முழு வரலாற்றையும் ஏந்தக்கூடிய இந்த அமைப்பு, சபை அறிந்த கல்விக் கருவிகளுள் மிகச் சிறந்தது எனலாம்.

கீர்த்தனை மரபுக்கு உயிர் கொடுத்தவர்களுள் தலைசிறந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்சு ஐயரோடு தஞ்சை சென்று கற்று, இரண்டாம் சரபோஜி மன்னரின் அவையிலும் மதிப்புப் பெற்ற அவர், குறத்தி குறி சொல்லும் நாட்டார் வழக்கில் எழுந்த குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அதில் வேத வரலாற்றோடு வானியலும் புவியியலும்கூட இடம்பெற்றன. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தொகுத்து வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பின் வழியாகச் சாஸ்திரியாரின் பாடல்கள் தஞ்சைக்கு வெளியேயும் பரவி, பொது ஆராதனையில் நிலைபெற்றன. கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலைத் தந்த ஆபிரகாம் பண்டிதரும் இம்மரபை வளர்த்தவர்.

ஆனால் இந்த மரபைப் பரிந்துரைக்கும் ஆயர் அதன் மறுபக்கத்தையும் சபைக்குச் சொல்லியாக வேண்டும். 1820களில் புதிய மிஷனரிகள் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் அதை எதிர்த்து, சாதி வழக்கத்தைக் காத்து நிற்கும் வகையில் எழுதினார். அவருடைய பாடல்களின் பக்தியும் புலமையும் அதனால் இல்லாமல் போய்விடவில்லை. எனினும் அவ்வாதம் தவறானது என்பதைச் சபை மறைக்கவோ மெழுகவோ கூடாது. தமிழ்ச் சபைகளில் சாதி இன்னும் கல்லறைத் தோட்டம் வரை தொடர்கிற நிலையில், கீர்த்தனைப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய இன்னொரு நூல் உண்டு.

அது, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பரட்டை என்ற புனைபெயரில் பாடல்கள் எழுதி, 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு உருவாக்கிய கிராமிய இசை வழிபாடு. பறையும் நாட்டுப்புற மெட்டும் பேச்சுத் தமிழும் ஆராதனைக்குத் தகாதவை என்று ஒதுக்கிய மனப்பான்மையை, ஒடுக்கப்பட்டோரின் இசையிலேயே முழு வழிபாட்டு முறையையும் அமைத்ததன் மூலம் அவர் எதிர்த்தார். கடவுளைத் தாயாகவும் தந்தையாகவும் ஒருங்கே உணர்த்தும் ‘பெத்தவரே’ என்ற விளி அவருடைய பாடல்களில் ஒலிக்கிறது. ‘ஒரு ஒலை’ என்பது அவர் வலியுறுத்திய கருத்து. பல வீட்டு அரிசி ஒரே உலையில் வெந்து எல்லோரும் சமமாக உண்பதே திருவிருந்தின் பொருள் என்று அவர் போதித்தார். அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட பின்னும் அயலாரின் தெருவுக்குள் நுழையத் தயங்கும் சபையில், நூறு பக்க விளக்கவுரையைவிட இந்த இரண்டு சொற்கள் ஆழமாகத் தைக்கும்.

கதை வழியாகக் கற்க விரும்புவோருக்கு ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம் என்றும் முதன்மையானது. பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் எளிய தொழிலாளியாகிய பனியன், உரிமமின்றிப் பிரசங்கித்ததற்காகப் பெட்போர்டு சிறையில் நெடுங்காலம் கிடந்தவர். 1678இல் வெளிவந்த அவருடைய நூல், பாவச்சுமையை முதுகில் சுமந்து அழிவின் நகரிலிருந்து வானநகரை நோக்கி நடக்கும் ஒருவனின் பயணம். சாமுவேல் பவுல் ஐயரின் உரைநடை மொழிபெயர்ப்பு தமிழ் இல்லங்களில் பல தலைமுறைகளாக வாசிக்கப்பட்டது. அதே கதையைக் கம்பனின் வழியில் காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற அவர் எழுதிய இரட்சணிய யாத்திரிகம், பாளையங்கோட்டையின் நற்போதகம் இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களில் 3,700க்கும் மேற்பட்ட செய்யுட்களைக் கொண்ட இந்நூலைப் பனியனின் மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிடுவது நியாயமன்று. பனியனின் கதையில் சிலுவை, பயணி தன் சுமையை இழக்கும் ஓர் இடமாக விரைவில் கடந்து செல்கிறது. கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடி, ஆழ்வார் பாசுரங்களில் தோய்ந்த உள்ளம் சிலுவையின் முன் நின்றால் எப்படி உருகும் என்பதைக் காட்டிவிட்டார். லெந்து காலம் எனப்படும், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், அப்பருவத்தின் பகுதிகளைத் தமிழாசிரியர் ஒருவரைக் கொண்டு பொருள் சொல்லிப் படிக்கச் செய்யும் சபை, பக்தியையும் தமிழையும் ஒருசேரப் பெறும். கடினமான செய்யுள் என்ற அச்சத்தால் அது கல்லூரிப் பாடமாக மட்டும் நின்றுவிட்டதை மாற்ற வேண்டியது ஆயர்களின் கடமை.

சபை வாழ்க்கை பற்றிய நூல்கள் இவற்றை நோக்கத் தமிழில் குறைவு. தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயரான வி.எஸ். அசரியா, காணிக்கை கொடுத்தல் பற்றி எழுதிய சிறு நூல் முக்கியமானது; ஒவ்வொரு வேளையும் உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைக்கும் திருநெல்வேலிப் பெண்களின் வழக்கத்தை அறிந்து வளர்ந்தவர் அவர் என்பதை மனத்தில் கொண்டு அதை வாசிக்க வேண்டும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-இராமநாதபுரம் பேராயரான லெஸ்லி நியூபிகின், பாவத்தையும் இரட்சிப்பையும் பற்றிய தம் நூலைக் கிராமச் சபைகளில் ஊழியம் செய்பவர்களை எண்ணி முதலில் தமிழில் எழுதினார். அது ஆங்கிலத்தில் 1956இல் வந்தது பின்னரே. தமிழ்க் கிராமத்துக்காக எழுதப்பட்ட இறையியல் உலகுக்கும் பயன்பட்டது என்பது தமிழ்ச் சபையார் பெருமை கொள்ள வேண்டிய செய்தி. இவற்றோடு, தம் திருச்சபையின் அமைப்பு விதிகளையும் ஒவ்வொரு சபை அங்கத்தினரும் ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும். தேர்தல், சொத்து, கணக்கு ஆகியவற்றில் எழும் பூசல்கள் பலவும், விதியை அறியாத பெரும்பான்மையோரின் மௌனத்தில் வளர்பவை. அவ்விதிநூலை வாசிக்குமாறு சொல்ல ஆயர் தயங்கக் கூடாது.

இன்று புத்தகக் கடைகளிலும் கூட்டப் பந்தல்களிலும் மிகுதியாகக் கிடைப்பவை, விசுவாசித்தால் வியாபாரம் பெருகும், நோய் நீங்கும் என்று வாக்களிக்கும் மொழிபெயர்ப்பு நூல்கள். துன்பத்தில் இருப்போர் அவற்றை நாடுவது இயல்பு. அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. ஆனால் நோய் நீங்காதபோது, உன் விசுவாசம் போதவில்லை என்று நோயாளி மீதே பழி போடும் நூல், மேய்ப்பனின் கையிலிருந்து எவருக்கும் போய்ச் சேரலாகாது. யோபுவின் கதையையும் புலம்பல் சங்கீதங்களையும் அத்தகையோருடன் அமர்ந்து வாசிப்பதே அவ்விடத்தில் ஆயர் தரக்கூடிய மருந்து. அதே வேளையில், இன்று கைப்பேசிச் செயலிகளில் வேதாகமம் எளிதாகக் கிடைப்பது நன்மையே. முதியோருக்கு ஒலிவடிவில் அது பேருதவி செய்கிறது.

மேலே குறித்த நூல்களுள் பலவற்றைத் தேடுவோருக்குப் பழைய பதிப்புகள் எளிதில் கிடைப்பதில்லை. ஊர்களில் பாட்டனார் காலத்து ஞானோபதேச நூல்களும் நற்போதகம் போன்ற இதழ்களின் கட்டுகளும் பரண்களில் கறையானுக்கு இரையாகின்றன. அரசரடி இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவை இத்தகையவற்றைப் பாதுகாத்து வைக்க இருக்கின்றன. அத்தகைய பிரதி எவர் வீட்டிலாவது இருந்தால், அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவற்றுள் ஒன்றுக்குத் தெரிவிக்க வேண்டும். சேகரக் கமிட்டிகள் ஆண்டு வரவுசெலவில் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை ஆலயத்தில் ஒரு புத்தக அலமாரிக்கும், அதைத் திறந்து நூல் எடுத்துத் தர ஒரு பொறுப்பாளருக்கும் இந்த ஆண்டே ஒதுக்க வேண்டும்.